வால் பக்கம் ஐந்து ஒட்டு

எங்கள் நைனா ஒரு முறை போர் விமானத்துக்குப் பட்டி போட்டார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் சொன்னேன், சிரித்தார்கள். ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்தபோது சொன்னேன், பெட்டி கட்டுகிற அக்கா ஒருத்தி, "அப்போ பஞ்சர் ஒட்டுனது யாரு, உங்க சித்தப்பாவா?" என்று கேட்டாள். நம்பாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்கு ஒரு ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிப்பதில்லை. போகிற ஊரில் எல்லாம் ஒரு ஏரோப்ளேனை நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது.

நைனா என்றால் அப்பா. உத்திரமேரூர்ப் பக்கத்து வீடுகளில் அப்படிக் கூப்பிடுவது உண்டு. அவர் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிறவர். டிராக்டர் டிரெய்லர், போர்வெல் லாரி, பால் வண்டி, ஷேர் ஆட்டோ என்று எது இடித்துக்கொண்டு வந்தாலும், நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து, இடிபடாத வண்டியாகத் திருப்பி அனுப்புவார். சொந்தமாக ஷெட் கிடையாது. பட்டி பிளேடுகளை ஒரு ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு, எந்த ஷெட்டில் வேலை இருக்கிறதோ அங்கே போவார். இல்லாத நாளில் பையோடு வீட்டுக்குத் திரும்பி வருவார். மழைக்காலத்தில் திரும்பி வருகிற நாள்கள்தான் அதிகம். அம்மா நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்ததால் அடுப்பு எரிந்தது.

வேலையில் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பட்டி போட்டுத் தேய்த்து முடித்த இடத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கை எங்கேயாவது தட்டினால் மறுபடி முதலிலிருந்து. "பட்டி போட்ட எடம் தெரிஞ்சா அது பட்டியே இல்ல. எங்க இடிச்சோம்னு வண்டிக்காரனுக்கே மறந்து பூடணும்" என்பார். இதனால் இரண்டு நாள் வேலை நான்கு நாள் இழுக்கும். ஷெட்காரர்கள் திட்டுவார்கள். பாதிப் பேர் அதற்காகவே அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காஞ்சிபுரம் போகிற ரோட்டில் இருந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கு விமானம் வந்தது. பறக்கிற காலம் முடிந்த போர் விமானங்களை இப்படிக் கல்லூரிகளுக்குக் கொடுப்பது உண்டாம். வாசலில் மேடை கட்டி நிறுத்தினால் பார்க்க எடுப்பாக இருக்கும், பிள்ளைகள் சேருவார்கள் என்று கல்லூரிக்காரர்களும் கேட்டு வாங்குவார்களாம். இறக்கையைக் கழற்றிப் பக்கத்தில் அடுக்கி, நீளமான லாரியில் அது எங்கள் ஊர் வழியாகப் போனது. குறுக்கே தொங்கிய கரண்ட் கம்பியைக் கொம்பால் தூக்கிப் பிடிக்கிற வரைக்கும் டீக்கடை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. ஊரே கூடிவிட்டது.

"இன்னாடா இது, இம்மாஞ் சின்னதா கீது? எத்தினி பேர் ஏறலாம்?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"ஒரே ஆளுதாங்க" என்றார் லாரி டிரைவர்.

"ஒத்த ஆளு போறதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேனு? சைக்கிளு போதாது?"

நைனா சிரிக்கவில்லை. அவர் லாரியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்ட் உதிர்ந்து, வெளுத்து, அங்கங்கே தகடு தெரிந்தது. "பாடி ரொம்ப பேஜாராப் போச்சி" என்றார். உடம்பு முடியாத ஆளைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற குரலில் சொன்னார்.

அந்த விமானத்துக்கு நாட் என்று பேர் என்பதும், அது கொசு மாதிரி ஒரு பூச்சியின் பேர் என்பதும், சண்டையில் பறந்து வயதான பிறகு, விமான மெக்கானிக் வேலை படிக்கிற பையன்கள் கழற்றி மாட்டிப் பழகுவதற்காகப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பல வருடம் நின்றது என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த விமானம், காலை நேரத்தில் ஏரிக்கு மேலே வட்டம் போடுகிற பயிற்சி விமானங்கள் மட்டும்தான். பையன்கள் அவற்றை 'எல் போர்டு ஏரோப்ளேன்' என்பார்கள்.

நான்கு நாள் கழித்து காலேஜிலிருந்து நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு முறை அவர்களுடைய பஸ் புளியமரத்தில் இடித்து, நைனா வேலை பார்த்த ஷெட்டுக்கு வந்திருந்தது. எந்தப் பக்கம் இடித்தது என்று காலேஜ் மேனேஜராலேயே கண்டுபிடிக்க முடியவில்லையாம். அந்த மேனேஜர்தான் ஆள் அனுப்பியவர். மேடைமேல் நிறுத்தியிருந்த விமானத்தைக் காட்டிச் சொன்னார்:

"கரஸ்பாண்டென்ட் சார் கண்ணாடி மாதிரி இருக்கணும்னுட்டார். எங்கயும் மேடு பள்ளம் தெரியக் கூடாது. பத்து நாள்ல திறப்பு விழா. இது மட்டும் சரியா வந்துடுச்சின்னா, நம்ம பஸ் பதினாலும் இனிமே உனக்குத்தான். வருஷா வருஷம் எஃப்.சி.க்கு முன்னாடி எவன்கிட்டயோ குடுத்து அலையறோம்."

கரஸ்பாண்டென்ட் என்பவர் காலேஜின் முதலாளி. எஃப்.சி. என்பது வருஷத்துக்கு ஒரு முறை பஸ்ஸைக் காட்டி வாங்க வேண்டிய தகுதிச் சான்று. பதினாலு பஸ் என்றால், ஒன்றை முடித்து இன்னொன்றைத் தொட்டு, பதினாலாவது முடிவதற்குள் முதல் பஸ்ஸுக்கு மறுபடி முறை வந்துவிடும். பையோடு திரும்பி வருகிற நாளே இருக்காது. நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 'பதினாலு' என்பதை மூன்று தடவை சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. அவரிடம் வேலை பழகிய பையன் அந்த வாரம்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். விமானத்தின் வயிறு தரைக்கு மிகவும் தாழ்வு. பெரிய ஆள் அதற்கடியில் நுழைந்து தேய்க்க முடியாது. என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

"அதுக்குக் காப்பரீட்சை கீதுய்யா" என்றாள் அம்மா.

"பரீட்ச வருஷா வருஷம் வரும். ஏரோப்ளேனு வருமா?"

"பொட்டப் புள்ள. பெயின்ட்டு நாத்தத்துல மூச்சடச்சிப் பூடும்."

"பெயின்ட் அடிக்கச் சொல்ல தள்ளி ஒக்கார வெச்சிர்றேன். சொம்மா தேக்கறதுதான்மே. பதினாலு பஸ்ஸுமே."

அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சையும் முடித்துவைக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தக் காலாண்டுப் பரீட்சையை நான் எழுதவில்லை. பிறகு வேறு சில பரீட்சைகளையும் எழுதவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்கும் விமானத்துக்கும் நேரான சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஒரு தடவை போகாமல் இருந்தால் அடுத்த தடவை போகாமல் இருப்பது சுலபமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

எந்த வண்டியில் கை வைப்பதற்கு முன்னாலும் நைனா செருப்பைக் கழற்றிவிட்டு, முன் டயரடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்துவார். விமானத்துக்கும் அதையே செய்தார். வாட்ச்மேன் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? உள்ள பெட்ரோலு கிட்ரோலு இருந்து வெடிச்சிக்கிச்சின்னா?"

"இன்ஜினே இல்லியாம்பா. வெறும் கூடு."

"குண்டு?"

"குண்டோட காலேஜுக்குக் குடுப்பாங்களா?"

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குனிந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மேலே சாமியானா கட்டிக் கொடுத்திருந்தார்கள். பழைய பெயின்டைச் சுரண்டின பிறகு சோப்புத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. வயிற்றுக்கு அடியில் கோணியைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டு தேய்ப்பேன். சாம்பல் நிறத் தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்கு இறங்கும். மூன்றாம் நாளே விரல் நுனியில் தோல் வழுவழுவென்று ஆகி, சொம்பைப் பிடித்தால் வழுக்கியது. பட்டி கலப்பதும் நான்தான். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எலுமிச்சை அளவு பட்டி, சுண்டைக்காய் அளவு ஹார்ட்னர். ஹார்ட்னர் கூடினால் பூசுவதற்குள் இறுகிவிடும். குறைந்தால் காயவே காயாது. எனக்குக் கை நிதானம் இருக்கிறது என்று நைனா சொன்னார். பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை.

மூக்குக்குப் பின்னால், காற்று உள்ளே போகிற இரண்டு வாய்களை ஒட்டி இரண்டு ஓட்டைகள் இருந்தன. நைனா மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இத்தையும் அடைச்சிட்டா லெவலாப் பூடும் சார்."

மேனேஜர் பதறிவிட்டார். "ஏய், அத மட்டும் தொட்டுடாதே. அதுலேர்ந்துதான் சுட்டது. எல்லாரும் அதப் பாக்கத்தான் வரப்போறாங்க."

சுற்றிலும் டேப் ஒட்டி அந்த ஓட்டைகளைப் பத்திரப்படுத்தினோம்.

ஐந்தாம் நாள் வால் பக்கம் போனோம். இடது புறத்தில் ஐந்து ஒட்டுகள் இருந்தன. வட்டமாக வெட்டின தகட்டை உடம்புத் தகட்டின் மேலேயே வைத்து, சுற்றிலும் ரிவிட் அடித்திருந்தது. சின்னது சாத்துக்குடி அளவு. பெரியது சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். நைனா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இன்னா வேல இது? ரிவிட்டு கூட ஒரு வரிசையில இல்ல. கண்ணு தெரியாதவன் அடிச்ச மாரி கீது."

"இன்னாத்துக்கு நைனா ஒட்டு போட்டாங்க?"

"எங்கனா இடிச்சிருப்பான்."

வானத்தில் எதன்மேல் இடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பெரிய ஒட்டின் நடுவில், ஆணியால் கீறின மாதிரி இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. பெரிய எழுத்தெல்லாம் எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். ஒன்று கே, ஒன்று எம்.

"நைனா, பேரு எழுதி கீது."

"பஸ்ஸு சீட்டுல பிளேடால கீறி வெக்கறானுங்க இல்ல, அந்த மாரிதான். தேய்."

தேய்த்தேன். ஆழமான கீறல், போகவில்லை. நைனா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பிளேடு நிறையப் பட்டியை அள்ளி அதன்மேல் ஒரே இழுப்பாக இழுத்தார்.

அந்த ஐந்து ஒட்டுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. ஒட்டின்மேல் மட்டும் பூசினால் மேடு தெரியும் என்பதால், சுற்றிலும் ஒரு முழத்துக்குச் சரிவாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். பூசி, காயவிட்டு, தேய்த்து, தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. நான்கு கோட் போட்டார். என் தோள் மரத்துப்போனது. கடைசியில் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் கையைப் பிடித்து வால் நுனியிலிருந்து இறக்கை வரைக்கும் தடவ வைத்தார்.

"எங்க கீது, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. நைனா சிரித்தார். அடிக்கடி சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

அதற்குப் பிறகு பிரைமர், அதன்மேல் வெள்ளி நிறப் பெயின்ட். எல்லாம் முடிந்ததும் பக்கவாட்டில் காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று வட்டம் போட வேண்டும். வட்டம் போட நைனா எப்போதும் ஆணியும் நூலும்தான் வைத்துக்கொள்வார். விமானத்தில் ஆணி அடிக்க முடியாது. அதனால் நடுவில் நான் என் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டு நிற்க, அதில் கட்டிய நூலை இழுத்து அவர் பென்சிலைச் சுற்றினார். வாலில் எழுத வேண்டிய நம்பரை மேனேஜர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் எழுதினார். சாமியானாவைப் பிரித்தபோது வெயில் பட்டுக் கண் கூசியது. கேன்டீன் சமையல்காரர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

விழா அன்று ஒன்பது மணிக்குத்தான் முக்கியஸ்தர்கள் வருவதாக இருந்தது. கடைசியாக ஒரு முறை துடைத்துவிடுவதற்காக நாங்கள் ஏழு மணிக்கே போய்விட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெரியவரும் அவருடைய மகளும் இறங்கினார்கள். மேனேஜர் ஓடிப்போய்க் கைகூப்பினார். பெரியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், விழா மேடையில் பேச அழைத்திருக்கிறார்கள் என்று மேனேஜர் எங்களிடம் சொல்லிவிட்டு, போன் வந்ததால் தள்ளிப் போனார்.

பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். விமானத்தின் முன்பக்கம் அவர் நிற்கவில்லை. நாங்கள் விரல் வைத்துப் போட்ட வட்டத்தையும் பார்க்கவில்லை. நம்பரை ஒரு முறை படித்துவிட்டு, நேராக வாலின் இடது பக்கம் போய் உள்ளங்கையை வைத்தார். தடவினார். கையை எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி தடவினார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

நைனா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"இன்னா சார் தேடறீங்க?"

"இங்க அஞ்சு ஒட்டு இருக்கணுமே."

நைனாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்து நாளில் அவருடைய வேலையைப் பற்றி வேலை தெரிந்த ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இருந்துச்சி சார், கரெக்டா அஞ்சு! எவனோ அவசரத்துல அடிச்சிட்டுப் பூட்டான் சார். ரிவிட்டு ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. மேடா கீது. மூணு நாளு சார், அதுக்கு மட்டும். இப்ப கண்டுபுடிங்க பாக்கலாம்."

பெரியவர் கையை எடுக்கவில்லை.

"அவசரந்தான் தம்பி" என்றார். "சண்டையில குண்டு பட்டு, வாலுல ஓட்டையோட வந்து எறங்குச்சி. விடியறதுக்குள்ள மறுபடி மேல ஏறணும்னு சொல்லிட்டாங்க. வெளிச்சம் காட்டக் கூடாது. டார்ச்சு மேல துணியச் சுத்திக்கிட்டு அடிச்சது."

நைனா கையில் இருந்த துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"நீங்க அடிச்சதாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"வெளியில இருந்து அடிச்சது நான். உள்ள ஒருத்தன் இரும்புக் கட்டைய முட்டுக் குடுத்துப் புடிக்கணும்ல, இல்லன்னா ரிவிட் எப்படி நிக்கும்? எங்க செட்டுல அவன்தான் ஒல்லி. அவனாலதான் வாலுக்குள்ள பூர முடியும். முடிச்சிட்டு வெளிய வந்தவன், ஆணிய எடுத்து அந்தப் பெரிய ஒட்டு மேல பேரக் கீறிட்டான். ஆபீசர் பாத்தாத் தொலைஞ்சோம்டான்னு திட்டினேன்." வாலை இன்னொரு தடவை தடவினார். "அதுக்கு ரெண்டு நாள் கழிச்சி ரன்வே மேல குண்டு போட்டாங்க. அவன் அங்கதான் இருந்தான். ஒரு போட்டோ கூட இல்லம்மா அவனோடது. நம்பர் சொல்லிக் கூப்பிட்டாங்களா, நம்ம வண்டிதான்னு தெரிஞ்சிது. அதான் வந்தேன்."

"கே, எம்" என்றேன் நான்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நான் பாத்தேன் தாத்தா. ஆணியில கீறி இருந்துச்சி. எம்மாந் தேச்சாலும் போவல. அப்பால நைனா மேல பட்டி போட்டுச்சி."

அவர் மகளின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு என் உயரத்துக்குக் குனிந்தார். "அப்ப, உள்ள அப்படியே இருக்கா?"

"கீது" என்றேன்.

பெரியவர் நிமிர்ந்தார். நைனாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். கேட்பதற்கே கூச்சப்படுகிறவர் மாதிரி இருந்தது.

"தம்பி, அந்த ஒண்ண மட்டும் தொறக்க முடியுமா? மத்தது நாலும் அப்படியே இருக்கட்டும். ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

விழாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பிளேடை வைத்துச் சுரண்டினால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் திறந்ததை மறுபடி மூட அந்த நேரம் போதாது. கண்ணாடி மாதிரி இருக்கிற உடம்பில் தட்டளவுக்கு ஒரு சொறி தெரியும். பத்தடி தள்ளி மேனேஜர் போனில், "நீங்களே வந்து பாருங்க சார், மொகம் தெரியுது" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நைனா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"முடியாதுங்கையா" என்றார் நைனா. "பட்டி புடிச்சிக்கினா புடிச்சதுதான். கல்லு மாரி. சொரண்டினா தகடோட பேந்துக்கினு வரும்."

நான் வாயைத் திறந்தேன். நைனாவின் கை என் தலைமேல் வந்து விழுந்தது. தடவிக் கொடுக்கிற மாதிரிதான் இருந்திருக்கும் பார்க்கிறவர்களுக்கு. விரல்கள் மண்டையில் பதிந்தன. மூடிக்கொண்டேன்.

பெரியவர் தலையாட்டினார். "ஆமா, ஆமா. தகடு போனாக் கஷ்டம்" என்றார். பிறகு, "நல்ல கை தம்பி உங்களுது. தெரியவே இல்ல" என்றார்.

சொல்லிவிட்டும் நகரவில்லை. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கன்னம் நனைந்திருந்தது. மகள் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "வாங்கப்பா, உக்காரலாம்" என்று அழைத்துக்கொண்டு போனாள்.

விழா நன்றாக நடந்தது. மேடையில் பெரியவர் ஐந்து நிமிடம் பேசினார். விமானம் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு உயரம் ஏறும் என்று சொல்லிவிட்டு, நன்றாகப் படியுங்கள் என்று முடித்தார். ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரஸ்பாண்டென்ட் விமானத்தில் தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். காலேஜ் பையன்களும் பெண்களும் துப்பாக்கி ஓட்டைக்குள் விரலை விட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வால் பக்கம் யாரும் போகவில்லை. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பஸ் வேலை நைனாவுக்கே கிடைத்தது. மூன்று வருடம் நடந்தது. பிறகு காலேஜ் பழைய பஸ்களை விற்றுவிட்டு, வேறு யாரிடமோ வாடகைக்குப் பஸ் எடுத்துக்கொண்டது. அதற்குள் பெயின்டில் கலக்கிற தின்னர் வாடை நைனாவின் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அந்த மூன்று வருடமும் அவர் காலேஜுக்குப் பின்பக்கக் கேட் வழியாகத்தான் போனார். எங்கள் ஊரிலிருந்து போனால் முன்பக்கக் கேட்டுதான் பக்கம். பின்பக்கம் என்றால் வயல் வரப்பில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டிச் சுற்ற வேண்டும். அம்மா சோறு கொடுத்தனுப்பினால் நானும் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போவேன். ஏன் என்று கேட்டதற்கு, முன்னால் வாட்ச்மேன் பேஜார் பண்றான் என்றார். வாட்ச்மேனும் அவரும் ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைக்கிற கூட்டாளிகள்.

அதெல்லாம் பிறகு. விழா நடந்த அன்று மத்தியானம், காலேஜில் கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மொபெட்டில் நைனாவின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வெயில் காய்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, பிளேடு வெச்சி சொரண்டினா வந்துடும் இல்ல? முந்தாநாளு கூட றெக்க மேல ஒரு எடம் சொரண்டினியே."

வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து, முதுகில் தட்டி மறுபடி கேட்டேன்.

"அது வேற" என்றார். "இது வராது."

நானே கலந்து கொடுத்த பட்டிதான். இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்தது. ஆனாலும் நைனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, சந்தோஷமாகவும் இருந்தது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், பரீட்சைக்கு ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்து நின்று, வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: எங்கள் நைனா ஏரோப்ளேனுக்குப் பட்டி போட்டிருக்கிறார், அதை யாராலும் எடுக்க முடியாது, அதைத் தொட்டுப் பார்த்த ஒரு தாத்தா அழுதேவிட்டார்.